நீலம் ஏன் ஒரே பக்கம் குளம் கட்டுகிறது? கைச்சாய நூலில் காலுறை பின்னுவோருக்கு

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கனடாவுக்கு வந்து முதல் குளிர்காலத்தைப் பார்க்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஸ்வெட்டரும் தொப்பியும் பின்னிப் பழகியவர். காலுறை அவருக்குப் புதிது. கையால் சாயமிட்ட மெரினோ (மென்மையான ஆட்டுக் கம்பளி) நூல் 100 கிராம், 36 டாலர் கொடுத்து வாங்கியிருக்கிறார். சிட்டாவாக, அதாவது வளையமாகச் சுற்றி முறுக்கிய கட்டாக, கடையில் தொங்கியபோது மெரூன், நீலம், கடுகு மஞ்சள் மூன்றும் கண்ணைப் பறித்தனவாம். 64 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) ஏற்றி வட்டமாகப் பின்னத் தொடங்கினால், காலின் ஒரு பக்கத்தில் மட்டும் நீலம் ஒரே திட்டாகக் குளம் கட்டிக்கொண்டு சற்றே சாய்ந்தபடி மேலேறுகிறது. மறுபக்கத்தில் மற்ற இரண்டு நிறங்களும் கலந்து சேற்று நிறம். "என் கைத்தவறா, நூலின் குறையா? பிரித்துவிடவா? துவைத்தால் சாயம் போகுமா?" என்கிறார்.

கைத்தவறும் இல்லை, நூலின் குறையும் இல்லை. இது வெறும் அளவுக் கணக்கு. காகிதமும் அளவு நாடாவும் இருந்தால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

நூலை இறுகிய பந்தாக வைத்துக்கொண்டு பொதுவாகச் சாயம் போடுவதில்லை. போட்டால் உள்ளே வெள்ளையாகவே நிற்கும். நெசவு ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம். சாயப்பட்டறைக்கு நூல் சிட்டாவாகத்தான் போகும். உல்லன் நூலுக்கும் அதே வழிதான். ஒரு பெரிய வளையம், அதில் நூல் சில நூறு சுற்று. சாயக்காரர் அந்த வளையத்தை மேசையில் தட்டையாக, நீளவாக்கில் கிடத்துகிறார். இடது பக்கம் மெரூன், நடுவில் நீலம், வலது பக்கம் மஞ்சள் என்று குறுக்கே மூன்று பட்டையாகச் சாயத்தை ஊற்றுகிறார். இப்போது ஒரே ஒரு இழையின் மீது எறும்பு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மெரூனில் தொடங்கி, நீலத்தைக் கடந்து, மஞ்சளுக்குப் போய், வலது முனையில் திரும்பி மறுபடி மஞ்சள், மறுபடி நீலம், மறுபடி மெரூன். ஆக, நூலின் வரிசை மெரூன், நீலம், மஞ்சள், மஞ்சள், நீலம், மெரூன். அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

என்னிடம் இருக்கும் இதே போன்ற ஒரு சிட்டாவின் சுற்றளவை அளந்தேன்: 145 செ.மீ. பிறகு என் கையில் 64 கண்ணி ஒரு சுற்றுக்கு எவ்வளவு நூல் விழுங்குகிறது என்று பார்த்தேன். ஒரு சுற்றின் தொடக்கத்திலும் முடிவிலும் நூலில் முடிச்சுக் குறி வைத்து, பிரித்து அளந்தால் 72 செ.மீ. இரண்டு சுற்றுக்கு 144. நூலின் நிற வட்டமோ, அதாவது நிற வரிசை ஒரு முறை முழுதாக வந்து முடியும் நீளமோ, 145. விஷயம் இங்கேதான் இருக்கிறது. முதல் சுற்றில் மெரூன், நீலம், மஞ்சள் விழுகின்றன. இரண்டாம் சுற்றில் மஞ்சள், நீலம், மெரூன். இரண்டிலும் நடுவில் நிற்பது நீலம். அதனால் நீலம் நீலத்தின் மேலேயே ஏறி உட்காருகிறது. ஓரங்களில் மெரூன் மேல் மஞ்சள், மஞ்சள் மேல் மெரூன் என்று ஒற்றை வரி மாறி மாறி வருகிறது. அதைத்தான் தூரத்திலிருந்து கண் சேறு என்று படிக்கிறது. அந்த ஒரு செ.மீ. வித்தியாசம் ஏறத்தாழ ஒரு கண்ணி. ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் நீலம் ஒரு கண்ணி நகர்வதால்தான் குளம் நேராக நிற்காமல் சாய்கிறது. உங்களுடைய அளவு இதிலிருந்து ஓரிரு செ.மீ. மாறலாம். சாய்வின் திசையும் வேகமும் மாறுமே தவிர கதை இதேதான்.

இது தெரிந்த பிறகு காலுறையின் மற்ற இடங்களும் புரியும். குதிகால் மடலை, அதாவது குதிகாலின் பின்புறத்தை மூடும் செவ்வகப் பகுதியை, முப்பத்திரண்டு கண்ணியில் முன்னும் பின்னுமாகப் பின்னும்போது ஒரு வரிசைக்கு 36 செ.மீ.தான் போகிறது. நான்கு வரிசைக்கு ஒரு நிற வட்டம் என்பதால் அங்கே குளம் உடைந்து பட்டைபட்டையாக வருகிறது. குதிகாலைத் தாண்டி இரு பக்கமும் கண்ணிகளைப் பொறுக்கி எடுத்தால் மொத்தம் எண்பதுக்கு மேல் போய்விடும். அங்கே நிறங்கள் தாறுமாறாக ஓடுகின்றன. கண்ணிகளைக் குறைத்துக் குறைத்து மறுபடி 64க்கு வந்ததும், போன குளம் திரும்பி வந்து பாதத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. முதல் முறை பின்னுபவர்கள் குதிகால் தாண்டியதும் "சரியாகிவிட்டது" என்று நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். அது இருபது, முப்பது சுற்றுக்குத்தான்.

இனி பரிகாரம். "கண்ணி எண்ணிக்கையை மாற்று" என்பதுதான் எல்லாரும் முதலில் சொல்லும் யோசனை. 60 ஆக்கினால் சுற்றுக்கு 67.5 செ.மீ.; இரண்டு சுற்றுக்கு 10 செ.மீ. வித்தியாசம் விழுந்து நீலம் ஒன்பது கண்ணி தாவும். குளம் உடைந்து சுருள் கோடாகும். சரிதான், ஆனால் காலுறை சிறுத்துவிடும். சிறுத்ததை ஈடுகட்ட 2.25 மி.மீ. ஊசிக்குப் பதில் 2.5 எடுத்தால் ஒவ்வொரு கண்ணியும் பெருத்து அதிக நூல் விழுங்கும், சுற்றுக்கான நூல் மறுபடி 72க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். யோசித்துப் பாருங்கள்: சாதாரணப் பின்னலில் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நூல் போகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது காலுறையின் சுற்றளவு. உங்கள் கணுக்காலை மாற்ற முடியாது. ஊசியையும் எண்ணிக்கையையும் ஒன்றாக மாற்றிவிட்டு "குளம் போகவே இல்லையே" என்று அலுத்துக்கொண்டவர்கள் பலர். அதில் நானும் உண்டு.

மாற்ற வேண்டியது பின்னலின் சுபாவத்தை. நான் முதலில் சொல்வது தள்ளுகண்ணிப் பின்னல். ஒரு சுற்று முழுக்க நிட், அதாவது சாதாரண நேர்க்கண்ணி. அடுத்த சுற்றில் மூன்று கண்ணி நிட், நான்காவதைப் பின்னாமல் வலது ஊசிக்குத் தள்ளிவிடுவது. நூல் பின்புறமாகக் கடந்து போகும். தள்ளிய இடத்தில் கண்ணிக்கு உரிய 11 மி.மீ. போகாமல் 3 மி.மீ. மட்டுமே போகிறது. அதனால் அந்தச் சுற்றுக்கு 72க்குப் பதில் 59 செ.மீ. போதும். கணக்கு உடைந்துவிட்டது. அதோடு, தள்ளிய கண்ணி கீழ்ச் சுற்றின் நிறத்தை மேலே தூக்கிக்கொண்டு வருவதால் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போட்டது போலத் தெரியும். அடுத்த முறை தள்ளும்போது இரண்டு கண்ணி விலகித் தள்ளுங்கள். இல்லையென்றால் செங்குத்தாகக் கோடு விழும். ஒன்றுவிட்டு ஒன்று தள்ளும் பின்னலும் உண்டு, பார்க்க இன்னும் அழகு, ஆனால் துணி இறுகிப்போய் குதிகால் நுழையாது. உள்ளங்காலில் மட்டும் சாதாரண நிட் போடுங்கள். ஷூவுக்குள் போகும் இடத்தில் யாரும் நிறம் பார்ப்பதில்லை, மேடுபள்ளம் இருந்தால்தான் உறுத்தும்.

இரண்டாவது வழி, நூலை இரண்டு பந்தாக்கி ஒரு சுற்று இதிலும் ஒரு சுற்று அதிலுமாக மாற்றி மாற்றிப் பின்னுவது. கையால் சாயமிடும் நிறுவனங்கள் பல இதைச் சீட்டிலேயே அச்சிட்டுத் தருகின்றன. அவை சொல்வது ஸ்வெட்டருக்காக, இரண்டு சிட்டாக்களுக்கு இடையே நிறம் மாறுபடும் என்பதற்காக. காலுறையில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தால் பலன் இல்லை. இரண்டு பந்தும் மெரூனிலேயே தொடங்கினால் இரண்டிலும் நடுவில் நீலம்தான் வரும். குளம் அப்படியே இருக்கும். இரண்டாவது பந்திலிருந்து நிற வட்டத்தில் நான்கில் ஒரு பங்கை, அதாவது 36 செ.மீ. நூலை, முதலில் வெட்டி எறியுங்கள். அது இப்போது நீலத்தின் நடுவிலிருந்து தொடங்கும். முதல் பந்தின் நீலம் முன்பக்கம் விழும்போது இரண்டாவதின் நீலம் பின்பக்கம் விழும், நடுவில் மஞ்சளும் மெரூனும் முறை மாறி வரும். சுற்று முடியும் இடத்தில் ஒரு நூலை விட்டுவிட்டு மற்றதை எடுங்கள், இரண்டையும் முறுக்க வேண்டாம். முதல் கண்ணியை இழுத்து இறுக்காமல் இருந்தால் இணைப்பே தெரியாது.

மூன்றாவது வழி ஒன்றும் செய்யாமல் விடுவது. கேலி செய்யவில்லை. வேண்டுமென்றே குளம் கட்ட வைப்பவர்கள் இருக்கிறார்கள். சுற்றுக்குச் சுற்று இழுவிசையைக் கூட்டிக் குறைத்து நிறங்களை அடுக்கி எடுப்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அடுத்த முறை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிச் சிக்கல் கடையிலேயே தொடங்குகிறது. ஒரே நிறத்தின் அடர்த்தியும் வெளிறலுமாக வரும் நூல் கண்ணை உறுத்தும்படி குளம் கட்டுவது அரிது. கொடி, இலை, முறுக்கு என்று எந்த வேலைப்பாடு போட்டாலும் தெளிவாகத் தெரியும். உருகுவேயின் மலபிரிகோ நூல்களில் இந்த வகையை நிறையப் பார்க்கலாம். பெரிய பாத்திரத்தில் சாயநீரில் போட்டு எடுப்பவை அவை. மிளகு தூவியது போலப் புள்ளிபுள்ளியாக இருப்பவையும் ஆபத்தில்லாதவை. ஒவ்வொரு புள்ளியும் ஒன்றிரண்டு கண்ணியில் முடிந்துவிடும். உங்களுடையதைப் போலப் பட்டை அகலமாக, மூன்று நிறமும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பதுதான் அடம்பிடிக்கும் ரகம். நிறப் பகுதிகள் சின்னதாக, ஏழெட்டு நிறம் நெருக்கமாக இருந்தால் அடம் குறையும். ஒன்டாரியோவிலேயே தயாராகும் கோய்கு நூல் அந்த மாதிரி. சிட்டாவில் பார்த்தால் சந்தைக்கடை போல இருக்கும், பின்னினால் அமைதியாக அடங்கிவிடும். தானாகவே பட்டை பட்டையாக விழும் நூல் வேறு ஜாதி. ஜெர்மனியின் ஓபல், ரெகியா போன்றவற்றில் இயந்திரமே நிற நீளத்தைக் கணக்கிட்டுச் சாயமேற்றுகிறது. அதையே கையால் செய்ய வேண்டுமென்றால் பத்து மீட்டருக்கு மேல் நீளமான வளையமாக நூலைச் சுற்றித்தான் சாயமிட வேண்டும், அதனால்தான் விலை கூடுதல்.

சிட்டாவில் அழகாக இருப்பது பின்னலில் அழகாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. கடையில் வாங்குவதற்கு முன் சிட்டாவின் முறுக்கை அவிழ்த்து வளையமாக விரித்துப் பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். திரும்ப முறுக்கிக் கொடுக்கத் தெரிந்திருந்தால் போதும். விரித்தால் பட்டைகளின் அகலம் தெரிந்துவிடும்.

என்ன நூல் என்பதையும் சீட்டில் பாருங்கள். காலுறைக்கு வழக்கமான கலவை 75 சதவீதம் மெரினோ, 25 சதவீதம் நைலான். 100 கிராமில் ஏறத்தாழ 400 மீட்டர். பெரியவர்களின் ஒரு ஜோடிக்கு அது தாராளம். நைலானே இல்லாத தனி மெரினோ தொட்டால் வெண்ணெய் போல இருக்கும், குதிகாலும் வெண்ணெய் போலவே சீக்கிரம் கரையும். அப்படிப்பட்ட நூல் கைக்கு வந்தால் குதிகாலிலும் கால்விரல் பகுதியிலும் மெல்லிய நைலான் இழையைச் சேர்த்துப் பின்னுவேன். "சூப்பர்வாஷ்" என்று போட்டிருந்தால், கம்பளி இழையின் மேலிருக்கும் செதில்களைக் குளோரின் கொண்டு மழுக்கி, மேலே மெல்லிய ரெசின் பூச்சு கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். செதில் மழுங்கியதால் துவைக்கும்போது சுருங்கிக் கம்பளம் ஆகாது. அதே காரணத்தால் சாயத்தை வேகமாக, பளிச்சென்று குடிக்கும்; கடையில் கண்ணைப் பறிப்பது பாதி அதனால்தான். ஒரு குணக்கேடு உண்டு: நனைந்தால் தளரும். மாதிரிக்குப் பின்னும் சதுரத்தை நனைத்துக் காயவைத்த பிறகுதான் கண்ணியை எண்ண வேண்டும்.

காலின் அளவைப் பற்றி ஒரே வரி. பாதத்தின் அகலமான இடத்தில் 22 செ.மீ. சுற்றளவு என்றால் காலுறை 20 செ.மீ. இருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு குறைத்தால்தான் காலோடு ஒட்டி நிற்கும். 10 செ.மீ.க்கு 32 கண்ணி வந்தால் 64 சரியான எண்.

குதிகாலுக்கு எந்த முறை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பல நிற நூலில் அது முக்கியம். மடல் வைத்துப் பின்னும் பழைய முறை உங்கள் நூலுக்குப் பொருந்தும். ஒரு கண்ணி தள்ளி ஒரு கண்ணி பின்னி, அடுத்த முறை ஒன்று விலக்கித் தள்ளினால் கெளதாரி இறகின் புள்ளிகளைப் போல நிறங்கள் சிதறும். துணியும் தடித்து உழைக்கும். பட்டை விழும் நூலுக்கு மட்டும் இதை வேண்டாம் என்பேன். அதற்குக் குதிகால் இருக்கும் இடத்தில் வேறு நூலால் ஒரு வரிசையைப் பின்னி வைத்துவிட்டு, காலுறை முழுவதும் முடிந்த பிறகு அந்த வரிசையை உருவி, அங்கே குதிகாலைப் பொருத்துவது நல்லது. பட்டைகள் இடையில் அறுபடாது. கால்விரல் முனையை மூடுவதற்கு இரு பக்கக் கண்ணிகளையும் தையலூசியால் பின்னலாகவே இணைக்கும் முறைக்குக் கிச்சனர் தையல் என்று பெயர். முதல் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனரின் பெயர் அது. மடிப்புத் தையல் சிப்பாய்களின் விரல்களை அறுத்ததால் அவர் இந்த முறையை ஊக்குவித்தார் என்றொரு கதை உண்டு. கதை எப்படியோ, தழும்பு இல்லாத முனை என்பது போட்டு நடக்கும்போதுதான் அருமை தெரியும்.

இனி சாயம். என் சொந்த நஷ்டத்தைச் சொல்கிறேன். ஒரு சிறு வியாபாரியிடம் ரத்தச் சிவப்பில் ஒரு சிட்டா வாங்கினேன். பின்னும்போதே இடது ஆள்காட்டி விரல் மருதாணி வைத்தது போலச் சிவந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். குதிகாலும் முனையும் வெள்ளை நூலில் வைத்து முடித்து, நனைத்தேன். வெள்ளை வெளிர் ரோஜா ஆகிவிட்டது, தண்ணீரை ஐந்து முறை மாற்றியும் தெளியவில்லை.

கம்பளிக்குப் போடுவது அமிலச் சாயம். பேருக்குப் பயப்பட வேண்டாம். வினிகர் அல்லது எலுமிச்சை உப்பு சேர்ந்த வெந்நீரில் கம்பளியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் சாயம், அவ்வளவுதான். சூடோ புளிப்போ நேரமோ குறைந்தால் சாயம் இழைக்குள் போகாமல் மேலோட்டமாக நிற்கும். சாயத்தையே அளவுக்கு மீறிப் போட்டாலும் மிச்சம் ஒட்டாமல் நிற்கும். நல்ல சாயக்காரரின் பாத்திரத்தில் வேலை முடியும்போது தண்ணீர் நிறமற்றுத் தெளிந்திருக்கும். சிவப்பும், மயில் கழுத்து நீலப்பச்சையும், அடர் கருநீலமும்தான் அதிகம் ஏமாற்றும். உங்களிடம் மெரூனும் நீலமும் இருக்கின்றன, பக்கத்திலேயே மஞ்சள். ஆகவே சோதித்துப் பார்த்துவிடுங்கள்: ஒரு முழம் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் சுற்றி, கையால் அழுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் கவலை இல்லை.

கறை பிடித்தால் நீங்களே சரிசெய்யலாம். சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பழைய பாத்திரம் வேண்டும். நூலை சிட்டாவாக, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான மூன்று லிட்டர் தண்ணீரில் 60 மில்லி வெள்ளை வினிகர் சேர்த்து அமிழ்த்துங்கள். மெல்லச் சூடேற்றி, ஆவி பறக்க ஆனால் கொதிக்காமல், அரை மணி நேரம். கிளறாதீர்கள். அடுப்பை அணைத்து அந்தத் தண்ணீரிலேயே முழுக்க ஆறவிடுங்கள். அவசரப்பட்டுக் குளிர்ந்த நீரில் போட வேண்டாம். பிறகு அலசினால் போகும் மிச்சம் போகட்டும். துவைக்கும்போது சாதாரண சலவைத்தூள் ஆகாது. அதன் காரத்தன்மை சாயத்தை இளக்கும். கம்பளிக்கென்று விற்கும் திரவமே போதும்.

ஒரு காலத்தில் சென்னையிலிருந்து அமெரிக்கா போன மதராஸ் கட்டத்துணி சாயம் போகிறது என்று புகார் கிளம்பியபோது, வியாபாரிகள் அந்தக் குறையையே பெருமையாக்கி, கட்டாயம் சாயம் போகும் என்று விளம்பரம் செய்தே விற்றார்கள். காலுறையில் அந்தத் தந்திரம் பலிக்காது. போகும் சாயம் உங்கள் பாதத்தில்தான் ஏறும்.

கடைசியாக, பிரிக்கலாமா என்ற கேள்வி. எவ்வளவு பின்னியிருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. குதிகாலைத் தாண்டவில்லை என்றால் பிரித்துவிடுங்கள், 36 டாலர் நூல் இரண்டாவது வாய்ப்புக்குத் தகுதியானதுதான். பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரிச் சுருண்டிருக்கும். நாற்காலியின் முதுகில் சுற்றி சிட்டாவாக்கி, நனைத்து, ஒரு துணிக்கிளிப்பை மட்டும் கீழே மாட்டித் தொங்கவிட்டால் ஒரே இரவில் நேராகிவிடும். காய்ந்ததும் ஒரு நீள இழையைத் தரையில் விரித்து, ஒரு மெரூனின் நடுவிலிருந்து அடுத்த மெரூனின் நடு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கண்ணி ஏற்றி ரிப் (காலுறையின் மேல்விளிம்பில் வரும் இழுபடும் பட்டை) முடித்த பிறகு பத்து சுற்றுப் பின்னி, ஒரு சுற்றுக்குப் போகும் நூலையும் அளந்துவிடுங்கள். இரண்டு எண்களையும் எனக்கு அனுப்பினால், உங்கள் நீலம் எந்தப் பக்கம் சாயும் என்பதை இங்கிருந்தே சொல்லிவிடுவேன்.